பட்டறைக் கழிவைத் தூக்கும் வண்டி: குழாயின் தடிமனுக்கு முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: லேத், மில்லிங், கிரைண்டிங் இயந்திரங்கள் உள்ள சிறிய பட்டறையில் சேரும் உலோகக் கழிவைத் தட்டோடு இருவர் தூக்கி, உயரமான சேகரிப்புத் தொட்டியில் கொட்டுகிறார்கள். அதற்குப் பதிலாக 150 கிலோவை 1.2 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக் கவிழ்க்கும் நகரும் வண்டி ஒன்றைப் பட்டறையிலேயே செய்ய விரும்புகிறீர்கள். ஹைட்ராலிக் நல்லதா, வின்ச் (கைப்பிடியைச் சுற்றி வடத்தால் இழுக்கும் கருவி) நல்லதா, திருகு நல்லதா, எந்த அளவுக் குழாய் போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு ஒரு வரியில் பதில் தரலாம். ஆனால் இந்த வகை வண்டிகளை வடிவமைத்தும் பழுது பார்த்தும் வந்தவன் என்ற முறையில், குழாயின் தடிமனைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றே சொல்வேன். இத்தகைய வண்டி உடைவது அரிது. அது கவிழ்கிறது, அல்லது சுமையைக் கைவிடுகிறது. இந்த இரண்டையும் தடுப்பதுதான் வடிவமைப்பு.

முதலில் எடை. உலோகக் கழிவை லிட்டரில் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். உட்புறம் 600 மி.மீ. நீளம், 500 மி.மீ. அகலம், 400 மி.மீ. ஆழம் கொண்ட வண்டித் தொட்டியின் கொள்ளளவு 120 லிட்டர். லேத்திலிருந்து வரும் நீண்ட சுருள் சீவலைத் தளர்வாக அதில் நிரப்பினால் 30, 40 கிலோதான் இருக்கும். அதே தொட்டியில் உடைந்த சிறு எஃகுச் சீவல் நிறைந்தால் 120 முதல் 150 கிலோ வரை போகும். வெட்டி எறிந்த துண்டுகளைப் போட்டால் கணக்கே மாறிவிடும். எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ. துண்டுகள் இடத்தில் ஐந்தில் இரண்டு பங்கை அடைத்தாலே 120 லிட்டரில் ஏறக்குறைய 375 கிலோ சேர்ந்துவிடும். எஃகின் அடர்த்தி உறுதியானது. சீவலுக்கு நான் சொன்ன எண்கள் அப்படியல்ல. வெட்டும் வேகம், உளியின் வடிவம், ஒட்டியிருக்கும் கூலண்ட் (வெட்டும்போது ஊற்றும் குளிர்விப்பு திரவம்) ஆகியவற்றைப் பொறுத்து இரு மடங்கு வரை மாறலாம். ஆகவே ஒரு வாளியின் கொள்ளளவைத் தெரிந்துகொண்டு, உங்கள் பட்டறையின் ஒவ்வொரு வகைக் கழிவையும் அதில் நிரப்பித் தராசில் நிறுத்துப் பாருங்கள். அரை மணி நேர வேலை. அதற்கு ஈடான வரைபடம் கிடையாது. தொட்டி விளிம்புவரை நிறைந்தாலும் 150 கிலோவைத் தாண்டாதபடி அதன் அளவை நிர்ணயிக்க வேண்டும். ‘பாதிக்கு மேல் போடாதீர்கள்’ என்று எழுதி ஒட்டிவிட்டு நம்பியிருக்கக் கூடாது. வெட்டுத் துண்டுகளுக்குத் தனியாக ஒரு சிறிய தொட்டி வையுங்கள்.

வண்டி வேண்டுமா என்ற ஐயத்துக்கு இடமே இல்லை. கையால் தூக்குவதற்கான கணக்கீட்டு முறையை அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1991இல் திருத்தி அமைத்தபோது, எல்லாச் சூழ்நிலைகளும் சாதகமாக இருந்தாலும் ஒருவருக்கு 23 கிலோதான் வரம்பு என்று வைத்தது. உடலிலிருந்து தள்ளிப் பிடிப்பது, தரையிலிருந்து தூக்குவது, இடுப்பைத் திருப்பிக் கொட்டுவது என ஒவ்வொன்றும் அந்த வரம்பைக் குறைத்துக்கொண்டே போகும். எண்ணெய் வழியும் தட்டை இருவர் தூக்கித் தோளுயரத்தில் கவிழ்ப்பதில் இவை அனைத்துமே இருக்கின்றன.

ஆனால் தூக்குமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு நிரப்புமிடத்தை மறந்துவிடாதீர்கள். வண்டித் தொட்டியின் விளிம்பு இயந்திரத்தின் சீவல் தட்டைவிடத் தாழ்வாக இருந்தால்தான் சீவலை வாரியால் இழுத்துத் தொட்டிக்குள் தள்ள முடியும். விளிம்பு உயர்ந்துவிட்டால் தொழிலாளி மண்வாரியால் அள்ளி மேலே வீச வேண்டியிருக்கும். முதுகுவலி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறியதுதான் மிச்சம். கத்தரிக்கோல் அமைப்பிலான மேசையை நான் விலக்குவதற்கு இதுவே முதல் காரணம். மடங்கிய நிலையிலேயே அதன் மேற்பரப்பு தரையிலிருந்து கணிசமான உயரத்தில் நிற்கும். அதன்மேல் 400 மி.மீ. தொட்டியை வைத்தால் விளிம்பு எங்கேயோ போய்விடும். இரண்டாவது காரணம் விசை. ஒற்றை அடுக்குக் கத்தரி அமைப்பைக் கீழ்க்கால் வழியாகக் கிடைமட்டமாகத் தள்ளும்போது, தேவைப்படும் விசை என்பது சுமையைக் கால் சாய்ந்திருக்கும் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பால் வகுத்தால் கிடைப்பது. கால் 45 பாகையில் இருக்கும்போது சுமைக்குச் சமமான விசை போதும். அதே கால் 10 பாகையில் படுத்திருக்கும்போது ஐந்தரை மடங்குக்கு மேல் வேண்டும். வண்டி கீழே இருக்கும்போதுதான், அதாவது தூக்கத் தொடங்கும் நொடியில்தான், ஊசிகளும் இணைப்புகளும் மிக அதிகமாகத் திணறும்.

ஹைட்ராலிக் சிலிண்டரோடு கூடிய தூண் வகை வண்டி நன்றாகவே வேலை செய்யும். சுமையை உயர்த்தி அடுக்க உதவும், கடையில் வாங்கும் ஸ்டேக்கர் வண்டிகள் பலவும் அந்த வகைதான். பட்டறையில் நாமே செய்யும்போது எனக்கு இரண்டு தயக்கங்கள். கிரைண்டிங் தூசி சிலிண்டர் தண்டின் மேல் படிந்து, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ‘சீல்’ வளையத்தைத் தேய்த்துவிடும். அதன்பின் சுமை தானாக மெல்லக் கீழிறங்கத் தொடங்கும். இன்னொன்று, சாதாரண பாட்டில் ஜாக்கை வாங்கி விருப்பப்பட்ட கோணத்தில் சாய்த்துப் பொருத்துகிறார்கள். நிமிர்ந்து நிற்பதற்கென்றே செய்யப்பட்ட ஜாக் சாய்ந்தால் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சிவிடும். திருகு அமைப்பு தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும் தன்மையுடையது. 30 மி.மீ. விட்டமும் 6 மி.மீ. புரியிடைவெளியும் கொண்ட சரிவக மரையில் புரியின் ஏற்றக் கோணம் ஏறக்குறைய 4 பாகை. எஃகுத் திருகும் வெண்கல நட்டும் சாதாரண மசகோடு உரசும்போது உராய்வுக் கோணம் பெரும்பாலும் அதைவிட அதிகம். அதனால் கையை எடுத்தாலும் சுமை நிற்கும். ஆனால் 1.2 மீட்டர் திருகைச் சீவல் படாமல் மூடிக் காப்பது சிரமம், தூக்கவும் நேரமாகும். தூசியைத் துருத்தி உறையால் நன்றாக மூட முடிந்தால் திருகை மறுக்க மாட்டேன்.

நான் பரிந்துரைப்பது இரட்டைத் தூண், அதில் ஏறி இறங்கும் ஒரு சட்டம், அதை இழுக்கும் கை வின்ச். வின்ச் வாங்கும்போது ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: தானியங்கிச் சுமைப் பிரேக் உள்ள வின்ச்தான் வேண்டும். படகை வண்டியில் ஏற்றப் பயன்படும் சாதாரண ராட்சட் வின்ச் தோற்றத்தில் அதேபோல்தான் இருக்கும். அதில் இறக்குவதற்காக, சக்கரம் பின்னால் சுழலாமல் தடுக்கும் பல்லைத் தூக்கியவுடன் முழுச் சுமையும் கைப்பிடிக்கு வந்துவிடும்; கை நழுவினால் கைப்பிடி சுழன்று மணிக்கட்டை உடைக்கும், தொட்டி விழும். பிரேக் வின்சில் இறக்குவதற்கும் சுற்றியாக வேண்டும். கையை எடுத்தால் சுமை அங்கேயே நிற்கும். பற்சக்கர விகிதத்தையும் பார்த்துவிடலாம். கழிவு 150 கிலோ, தொட்டியும் சட்டமும் 40 கிலோ, மொத்தம் 190 கிலோ என்றால் வடத்தில் சுமார் 1900 நியூட்டன் இழுவிசை. வடம் சுற்றும் உருளையின் விட்டம் 90 மி.மீ. என்றால் முறுக்குவிசை 85 நியூட்டன் மீட்டர். விகிதம் 5 (கைப்பிடி ஐந்து சுற்றினால் உருளை ஒரு சுற்று), திறன் 75 சதவீதம், கைப்பிடியின் நீளம் 250 மி.மீ. என்று கொண்டால் கையில் உணரும் விசை சுமார் 90 நியூட்டன்; 1.2 மீட்டர் தூக்க 21 சுற்று. ஒருவரால் மூச்சு வாங்காமல் செய்யக்கூடிய வேலைதான். மின்மோட்டார் கட்டாயமில்லை. கூர்மையான சீவல் சிதறிக் கிடக்கும் தரையில் மின்வடத்தை இழுத்துக்கொண்டு போகும் வண்டியை நான் விரும்புவதில்லை. நாளெல்லாம் தூக்க வேண்டியிருந்தால் பேட்டரி மோட்டார் வைக்கலாம். அப்போது பிரேக்கும் மேல் எல்லையில் நிறுத்தும் சுவிட்சும் சேர்ந்தே வர வேண்டும்.

வடம் 5 மி.மீ. எஃகுக் கம்பி வடமாக இருக்கட்டும். 1900 நியூட்டனுக்கு ஐந்து மடங்கு காப்பு வேண்டுமென்றால் அறுபடும் விசை 9500 நியூட்டனுக்குக் குறையக் கூடாது. தயாரிப்பாளரின் சான்றிதழில் அதைப் பார்த்து வாங்குங்கள். கப்பியின் விட்டம் வடத்தைப்போல் 18 மடங்காவது இருக்க வேண்டும். கையில் கிடைத்த சிறிய கப்பியைப் போட்டால் கம்பி இழைகள் சில மாதங்களிலேயே முறியத் தொடங்கும். முனையைக் கிளிப் போட்டு மடக்கும்போது, கிளிப்பின் அடிக்கட்டை சுமை தாங்கும் பக்கத்திலும், வளைந்த போல்ட் வெட்டிவிட்ட முனையின் பக்கத்திலும் அமர வேண்டும். இதை மாற்றிப் போட்டிருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அப்படிப் போட்டால் வளைந்த போல்ட் சுமை தாங்கும் வடத்தையே நசுக்கும்.

இப்போது நீங்கள் கேட்ட குழாய். சுமையின் மையம் தூணிலிருந்து 400 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். கழிவின் எடையை 1500 நியூட்டன் என்று வைத்தால் தூணில் வளைவுத் திருப்புத்திறன் (விசையைத் தூரத்தால் பெருக்கியது) 600 நியூட்டன் மீட்டர். 50 மி.மீ. சதுரமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள எஃகுக் குழாய் இரண்டு சேர்ந்து தாங்கினால் தகைவு, அதாவது எஃகின் பரப்பளவு ஒவ்வொன்றிலும் விழும் விசை, 36 மெகாபாஸ்கல். தொட்டி, சட்டத்தின் எடையையும் சேர்த்தாலும் 46 மெகாபாஸ்கல்தான். சாதாரண மென்னெஃகு 250 மெகாபாஸ்கல் அளவில்தான் நிரந்தரமாக வளையத் தொடங்கும். சுமை உச்சியில் இருக்கும்போது தூணின் தலை 5 முதல் 7 மி.மீ. வரை முன்னால் சாயும். கண்ணுக்குத் தெரியும், ஆனால் தீங்கில்லை. எனவே குழாயைத் தடிமனாக்குவதில் பெரிய பயன் இல்லை. தூணும் அடிச்சட்டமும் சேரும் மூலையில் முக்கோணத் தகடு வைத்து நன்றாகப் பற்றவையுங்கள்; முழுத் திருப்புத்திறனும் அங்கேதான் வந்து சேர்கிறது. கைக்கணக்கின் எல்லையும் அங்கேதான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கியபின் அந்த வெல்டிங் எப்படி இருக்கும் என்பதை இந்த எண்கள் சொல்லாது. அவ்வப்போது துடைத்து, விளக்கடித்து விரிசல் பார்ப்பதே வழி.

நிலைப்புத்தான் உண்மையான கணக்கு. வண்டியின் சொந்த எடை 90 கிலோ, அதன் மையம் முன்சக்கர அச்சுக்கு 450 மி.மீ. பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியை முன்னால் கவிழ்க்கும்போது 190 கிலோவின் மையம் அச்சைத் தாண்டி 100 மி.மீ. முன்னே போனால், வண்டியைப் பிடித்து நிறுத்தும் திறன் கவிழ்க்கும் திறனைப்போல் இரண்டு மடங்கு. நிம்மதியாக இருக்கலாம். அதே மையம் 200 மி.மீ. முன்னே போனால் இரண்டும் ஏறக்குறைய சமம்; பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பத் தயாராக நிற்கும். நடுவில் இருப்பது வெறும் 100 மி.மீ.! சுருள் சீவல் இந்தக் கணக்கை இன்னும் மோசமாக்குகிறது. தொட்டியைச் சாய்க்கும்போது அது சரிந்து விழாது. பின்னிக்கொண்டு அப்படியே இருந்து, பிறகு முழுக் கொத்தாக ஒரே நேரத்தில் விளிம்புக்கு வந்து தொங்கும். அந்த நொடியில் மையம் எங்கே இருக்கும் என்று யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது.

ஆகவே முன்கால்களைத் தொட்டியின் இருபுறமும் நீட்டி, முன்சக்கரங்கள் கவிழ்ந்த தொட்டியின் மையத்துக்கும் முன்னால் வரும்படி வையுங்கள். அப்போது ஒரு சிக்கல் எழும்: அந்தக் கால்கள் சேகரிப்புத் தொட்டியில் முட்டும். சேகரிப்புத் தொட்டி கால்களுக்கிடையே அடங்கும் அகலமாக இருக்கலாம். அல்லது கால்கள் அடியில் நுழையும்படி அதைத் தாங்குகட்டைகள் மேல் வைக்கலாம். இரண்டும் முடியாவிட்டால், கொட்டுமிடத்தில் தரையில் ஓர் எஃகுக் கொக்கியை உறுதியாகப் பதித்து, வண்டியின் பின்பக்கம் அதில் மாட்டினால்தான், தொட்டியைக் கவிழாமல் பிடித்திருக்கும் பூட்டு திறக்கும்படி இணைத்துவிடுங்கள். கொஞ்சம் கூடுதல் வேலைதான். ஆனால் இந்த வண்டியில் நீங்கள் செய்யும் மிகப் பயனுள்ள வேலையாக அது இருக்கும்.

பக்கவாட்டுக் கணக்கும் உண்டு. சக்கரங்களுக்கிடையே 600 மி.மீ. இருந்தாலும், எந்தப் பக்கமும் திரும்பும் கேஸ்டர் சக்கரம் உள்நோக்கித் திரும்பும்போது ஒவ்வொரு பக்கமும் 40 மி.மீ. குறைந்துவிடும். சுமை மேலே இருக்கையில் மொத்த மையம் சுமார் 1 மீட்டர் உயரத்தில் நிற்கும். 15 பாகைக்கும் குறைவான சாய்விலேயே வண்டி கவிழும். சுமை கீழே இருக்கையில் மையம் 400 மி.மீ. உயரத்துக்கு இறங்கும், கவிழும் கோணம் 33 பாகையாகிவிடும். தரையில் 15 பாகைச் சரிவு இருக்காதுதான். ஆனால் வண்டியைத் திருப்பும்போது ஒரு சக்கரம் சீவலில் முட்டி நின்றால் அதே விளைவுதான். சுமையை உயர்த்திய நிலையில் வண்டியை ஓர் அடிகூட நகர்த்தக் கூடாது. இதை வாய்ச்சொல்லாக விடாமல், சட்டம் மேலேறும்போது ஒரு நெம்புகோல் தானாகத் தரைப் பிரேக்கை அழுத்தும்படி அமைத்துவிடலாம்.

சக்கரங்களில் சிக்கனம் பார்க்காதீர்கள். தரை சமமாக இல்லாதபோது நான்கு சக்கரங்களில் மூன்றுதான் சுமை தாங்கும். எனவே மொத்தம் 280 கிலோவை மூன்றால் வகுத்து, அதற்கும் மேலே சற்றுக் கூட்டி, ஒவ்வொன்றும் 150 கிலோ தாங்கும் சக்கரமாக வாங்குங்கள். விட்டம் 150 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். சிறிய சக்கரம் ஒவ்வொரு சீவலிலும் முட்டி நிற்கும். மென்மையான ரப்பரில் சீவல் குத்தி ஏறிவிடும். நைலான் சக்கரமோ வார்ப்பிரும்புச் சக்கரமோ சத்தம் போடும், ஆனால் நீடித்து உழைக்கும். சக்கரத்துக்கு முன்னால் தரையிலிருந்து 5 மி.மீ. உயரத்தில் ஒரு தகட்டைப் பொருத்தினால் சீவலை ஒதுக்கிக்கொண்டே போகும். எளிய வேலை, பெரிய நன்மை.

தொட்டியைத் தாங்கும் அச்சு, நிறைந்த தொட்டியின் மையத்துக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். கீழே வைத்தால் பூட்டைத் திறந்தவுடன் தொட்டி தானாகக் குப்புற விழும். மிக மேலே வைத்தால் கவிழ்க்கவே முடியாது. குவித்துப் போட்டால் மையம் உயர்ந்துவிடும் என்பதால் பூட்டு இரண்டு வேண்டும், இருபுறமும் ஒவ்வொன்று. தொட்டியின் அடியில் துளையிட்ட தகடு ஒன்றைச் சற்று உயர்த்திப் போட்டு, அதற்குக் கீழே வடிகுழாய் வால்வு வையுங்கள். கூலண்ட் வடிந்தபின் தூக்கினால் எடையும் குறையும், தரையும் வழுக்காது. உட்புற வெல்டிங்கை வழவழப்பாகத் தேய்த்துவிடுங்கள். சுருள்கள் மாட்டிக்கொள்வது குறையும்.

செய்முறையில் ஓர் எச்சரிக்கை. தூண்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் சட்டம் நடுவழியில் சிக்கிக்கொள்ளும். இறக்கும்போது வடம் தளர்ந்துபோகும், பிறகு சட்டம் திடீரென்று விடுபட்டு விழும். தூண்களுக்கிடையே ஒரே நீளத்தில் வெட்டிய இடைக்கட்டைகளை வைத்து இறுக்கி, முதலில் புள்ளிப் பற்றாகப் போட்டு, மாறிமாறிப் பற்றவையுங்கள். சட்டம் தூணில் ஏறி இறங்க உதவும் உருளைகளை எல்லா வெல்டிங்கும் முடிந்து, வளைவை நிமிர்த்திய பிறகே பொருத்த வேண்டும். பக்கத்துக்கு 1 மி.மீ. இடைவெளி விடுங்கள். மேல், கீழ் உருளைகளுக்கிடையே 300 மி.மீ. இருந்தால் ஒவ்வோர் ஓரத்திலும் 2500 நியூட்டன் அளவுக்கு அழுத்தம் வரும். அதை இரு தூண்களிலும் உள்ள உருளைகள் பகிர்ந்துகொள்ளும். 6204 அளவு மூடிய பேரிங் அதைத் தாங்கும். ஆனால் பேரிங்கின் வெளி வளையத்தையே உருளவிடாமல், அதன்மேல் தடித்த எஃகு உறை போடுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள குழாயைப் பயன்படுத்தினால் வெல்டிங் செய்யுமிடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அந்தப் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மக்னீசியம், டைட்டானியம் இவற்றின் நுண்சீவல் எளிதில் தீப்பிடிக்கும். எரியும்போது தண்ணீர் ஊற்றினால் தீ சீறி எழும். அவற்றுக்கு மூடியுள்ள உலர்ந்த உலோகக் கலம் தனியாக வேண்டும். உலோகத் தீக்கான பொடித் தீயணைப்பானும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அலுமினியத் தூளையும் இரும்பு கிரைண்டிங் தூளையும் ஒரே தொட்டியில் சேர்க்கக் கூடாது. துருவும் அலுமினியமும் ஒரு பொறியில் கடும் வெப்பத்தோடு வினைபுரியக்கூடியவை. ஈரமான அலுமினியத் தூள் ஹைட்ரஜனை வெளியிடும், அதைக் காற்றுப் புகாமல் மூடி வைக்காதீர்கள். தொட்டிகளுக்கு வண்ணம் பூசிப் பிரித்துவிட்டால், எவர்சில்வரும் பித்தளையும் கலக்காமல் நல்ல விலைக்கும் போகும்.

வண்டி முடிந்ததும் 150 கிலோவுக்கு ஒன்றே கால் மடங்கு, அதாவது 190 கிலோ எடைக்கட்டிகளைத் தொட்டியில் வைத்துச் சோதியுங்கள். முதலில் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, சட்டத்தின் மட்டத்தைச் சாக்பீசால் தூணில் குறித்து, ஒரு மணி நேரம் விடுங்கள். குறியிலிருந்து இறங்கியிருந்தால் பிரேக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிறகு முழு உயரத்துக்குத் தூக்கி, யாரும் அருகில் இல்லாமல், பின்பக்கத்தைக் கயிற்றால் கட்டி வைத்துக் கவிழ்த்துப் பாருங்கள். பின்சக்கரங்களுக்கு அடியில் ஒரு காகிதத்தை வைத்தால், அது எளிதாக உருவி வருகிறதா என்பதிலிருந்தே நிலைப்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். தூக்கும் கருவிகளைத் தகுதியுள்ளவர் பரிசோதித்துச் சான்றளிக்க வேண்டும் என்ற சட்டம் பல நாடுகளில் உண்டு. பட்டறையில் நீங்களே செய்ததற்கும் அது பொருந்தக்கூடும் என்பதால் வேலையில் இறக்குவதற்கு முன் விசாரித்துவிடுங்கள். தாங்கும் எடையைத் தூணில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வடத்தை வாரம் ஒருமுறை துணியால் உருவிப் பாருங்கள்; துணியின் நூல் எங்காவது சிக்கினால் அங்கே கம்பி இழை முறிந்திருக்கிறது, அந்த வடத்தை அன்றே மாற்றிவிடுங்கள்.